நாலு விரலும் ஒரு மிடறும்

எங்கள் பக்கத்தில் தம்ளரில் எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பதுதான் மரியாதை. பிள்ளைக்கு நடை பழக்கிய கையோடு இதையும் பழக்கிவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் மாறாது. அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் போய், "ஐயா, தம்ளரை வாயில வச்சு, தலையைக் குனிஞ்சு குடிங்க" என்று சொன்னதில்தான் என் தொழில் தொடங்கியது. அவர் தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்தாளு குடிக்கிற தம்ளரு தாயி" என்றார். பக்கத்தில் நின்ற, எனக்குத் தொழில் சொல்லித்தரும் அக்கா சிரிக்கவில்லை. "உங்களுக்குன்னு வீட்லருந்து ஒண்ணு கொண்டாந்துருங்கய்யா" என்று சொல்லி, அதற்கும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

அண்ணாந்தால் தண்ணீர் நாக்கின் பிடியில் நிற்காது. குரல்வளை மூடுவதற்கு முன்பே தொண்டைக்குள் விழுந்துவிடும். நல்ல தொண்டை அதைச் சமாளித்துக்கொள்ளும். கதிர்வீச்சு பட்ட தொண்டையால் முடியாது. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினால் நாக்கின் அடிப்பாகம் பின்னுக்குச் சாய்ந்து மூச்சுக்குழாயின் வாய் குறுகும், தண்ணீர் வழிதவறுவது குறையும். எல்லாருக்கும் இது பொருந்தாது. நாக்கில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவருக்குத் தலையைப் பின்னால் சாய்த்தால்தான் சில சமயம் உணவு உள்ளே இறங்கும், அதுவும் மூச்சை அடக்கிக் குரல்வளையை மூடத் தெரிந்தவராக இருந்தால். ஆளுக்கு ஆள் மாறாத வேலையென்றால் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பேச்சு, செவித்திறன் படிப்பு நாலு வருஷம். கடைசி வருஷம் முழுக்கப் பயிற்சி. திக்கிப் பேசும் பிள்ளைகளோடும் காது கேட்காத குழந்தைகளோடும் காலம் போகும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். திண்டுக்கல்லுக்குள் ஒரு மருத்துவமனையில் அக்காவிடம் கற்க வந்த பிறகு என் நேரத்தில் பெரும்பங்கைத் தொண்டைகள் எடுத்துக்கொண்டன. வாயிலோ நாக்கிலோ குரல்வளையிலோ புற்று வந்து, மதுரைக்கோ அடையாற்றுக்கோ வேலூருக்கோ போய்ச் சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவர்கள். கதிர்வீச்சை எங்கள் சனம் கரண்டு என்றுதான் சொல்லும். "முப்பத்தஞ்சு கரண்டு வச்சாங்க" என்பார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும். எங்களுக்குப் புகையிலையும் சேர்த்தி. வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சிச் சுருட்டு என்ற பெயரில் சீமைக்குப் போனது பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் புகையிலை. புகையிலைக்கென்றே வேடசந்தூரில் 1948-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பாக்குப் பொட்டலமும் இங்கிருந்து ஊர் ஊராகப் போகிறது. "பாக்கு மட்டும்தான் போடுவேன், புகையிலை தொட்டதில்ல" என்று சத்தியம் செய்பவர்கள் வருவார்கள். பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில் சொல்லிவிட்டது. அக்கா இதையெல்லாம் பேச மாட்டார். "இப்பவும் போடுறீங்களா?" என்று ஒரே கேள்வி. ஆமாம் என்றால் நிறுத்தச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். பழசைக் கிளறினால் ஆள் அடுத்த முறை வரமாட்டார் என்பது அவருடைய கணக்கு.

புற்றுநோய் ஆராய்ச்சிக்காரர்களுக்கு எங்கள் மாவட்டத்தை வேறொரு காரணத்துக்காகத் தெரியும். கருப்பைவாய்ப் புற்றைக் கண்ணால் பார்த்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் பெரிய ஆய்வொன்று திண்டுக்கல் கிராமங்களில் நடந்து 2007-இல் லான்செட் இதழில் வந்தது. சோதனை நடந்த ஊர்களில் அந்த நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகக் குறைந்திருந்தது. அம்பிளிக்கையை மையமாக வைத்துப் புற்றுநோய்ப் பதிவேடும் 1990களிலேயே தொடங்கியது. இப்படிப்பட்ட ஏட்டில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பது வரும். கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு உட்காராமல் நழுவி வருகிறார் என்பது எந்த ஏட்டிலும் வராது. எங்களிடம் வருபவர்கள் அந்த ரகம்.

அக்கா முதலில் எனக்குக் கொடுத்த வேலை, என் கழுத்தையே தொட்டுப் பார்ப்பது. ஆள்காட்டி விரல் தாடைக்கு அடியில், நடுவிரல் அதற்குப் பின்னால் நாவடி எலும்பில், மோதிர விரல் குரல்வளை முண்டின் மேல் விளிம்பில், சுண்டுவிரல் கீழ் விளிம்பில். ஜெரி லோகமன் என்ற அமெரிக்கப் பேச்சு மருத்துவ வல்லுநர் 1983-இல் எழுதிய பாடநூலை வைத்துப் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த முறைதான். நூலில் படிக்கையில் நாலு வரி. கையில் வருவதற்குப் பல கழுத்துகள் வேண்டும். என் கழுத்துக்குப் பிறகு அக்காவின் கழுத்து, பிறகு வீட்டில் அம்மா, அப்பா, தம்பி. தம்பி நண்பர்களையும் கூட்டி வந்தான். "அழுத்தாத. அழுத்துனா நீதான் அவரை விழுங்க விடாம பண்ற" என்பார் அக்கா. விரல் தோலில் இருக்க வேண்டும், பாரம் இருக்கக் கூடாது.

விழுங்கச் சொன்னதும் ஆள்காட்டி விரலுக்கு நாக்கு கிளம்புவது தெரியும். பிறகு எலும்பு நகரும். கடைசி இரண்டு விரல்களையும் தட்டிவிட்டுக் குரல்வளை மேலேயும் முன்னேயும் ஏறி இறங்கும். தொண்டையில் நடக்கும் பாகம் முழுவதும் சுமார் ஒரு விநாடி. அதற்குள் ஏறக்குறைய முப்பது ஜோடித் தசைகள் வரிசை தப்பாமல் வேலை செய்தாக வேண்டும். குரல்நாண்கள் சேரும், அதற்கு மேலுள்ள மடிப்புகள் சேரும், குரல்வளை மூடி கவியும், உணவுக்குழாயின் வாய் திறக்கும், மூச்சு ஒரு கணம் நிற்கும். நாக்கு கிளம்பியதற்கும் குரல்வளை ஏறியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஓடியது, ஏறியது முழு உயரமா பாதியா, ஒரு வாய்க்கு எத்தனை முறை விழுங்குகிறார் என்பதை விரல் சொல்ல வேண்டும். முடிந்ததும் "ஆ" சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்க வேண்டும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் களகளத்தால் குரல்நாண் மேல் ஏதோ தேங்கி நிற்கிறது.

வீட்டார் கழுத்துகளுக்குப் பிறகு, கரண்டு வைத்து முடித்த ஒருவர் கழுத்தில் முதல்முறை கைவைத்தபோது என் விரலுக்கு ஒன்றும் புரியவில்லை. தோல் கருத்து, சதை மரத்துப்போய், அடியில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. எங்கே எலும்பு, எங்கே முண்டு என்று தேட வேண்டியிருந்தது. அவர் விழுங்கினார். குரல்வளை ஏறப் பார்த்து, பாதியில் நின்று, இறங்கிவிட்டது. நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர் அவர். என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்: "லீவர் எல்லாம் சரியாத்தான் இருக்கும் பாப்பா. ஸ்பிரிங்கு செத்துருச்சு." இதைவிடச் சரியாக எனக்கு இன்றுவரை யாரும் விளக்கியதில்லை.

கரண்டு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகத்துக்கு அச்செடுத்த மாஸ்க்கை மாட்டி, வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 2 கிரே அளவு கதிர், மொத்தம் 70 கிரே வரை, ஏழு வாரம் ஓடும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துபோகும். எச்சில் கோந்தாகி, பிறகு வற்றும். ருசி போகும். சிகிச்சை முடிந்து சில வாரத்தில் புண் ஆறியதும் குடும்பம் நிம்மதியாகிறது. ஆனால் தசைகளுக்குள் நார் பிடிப்பது அதன் பிறகுதான் மெல்லத் தொடங்கும். அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கிற காரியம்.

புற்றைக் கொல்ல அந்த அளவு தேவைப்படுகிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் தொடங்கிய மருத்துவமனையும் அங்கே மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தி, சாந்தா போன்றோர் செய்த வேலையும் இல்லாவிட்டால் என்னிடம் வருபவர்களில் பலர் வந்திருக்கவே மாட்டார்கள். கருவியும் மாறிவிட்டது. பழைய கோபால்ட் காலத்தில் வழியில் உள்ள எச்சில் சுரப்பியெல்லாம் அடிபடும். இப்போது கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி, காதடிச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்குள் நிறுத்தப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் வாய் வறட்சி குறைகிறது என்று 2011-இல் பிரிட்டனில் ஒரு சோதனை காட்டியது. விழுங்கும் தசைகளையும் அப்படி ஒதுக்கிக் காக்கலாம் என்று 2023-இல் இன்னொன்று. எல்லா ஊரிலும் எல்லாருக்கும் அது கிடைக்கிற வரை, நடுவில் இருப்பது எங்கள் கை.

அக்காவோடு சேர்ந்து நான் கற்றதில் ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தது ஒன்றுதான்: வெந்த தொண்டைக்கு ஓய்வு கொடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் முடியாதவர் என்றால் முதல் பேச்சே "பேசாம படுங்க" என்பது. வாய் புண்ணாகிக் கிடக்கிறது, மூக்கு டியூப் இருக்கிறது, அதில் ராகிக் கஞ்சி போகிறது, பிறகு ஏன் மனுசனை விழுங்கச் சொல்லி வதைக்கிறீர்கள் என்று மனைவிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அசையாத தசை சீக்கிரம் இறுகுகிறது, சோர்ந்தும் போகிறது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 497 பேரின் பதிவுகளைப் பார்த்து 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிகிச்சை நடக்கும்போதே வாயால் கொஞ்சமாவது சாப்பிட்டு, பயிற்சியையும் விடாமல் செய்தவர்கள்தான் பிறகு நன்றாகச் சாப்பிட்டார்கள். இரண்டையும் விட்டவர்கள் கடைசி இடம். அதனால் வலி மருந்தைப் போட்டு, அது வேலை செய்யும் நேரம் பார்த்து, நாலு கரண்டியாவது வாயால் விழுங்க வைக்கிறோம்.

டியூப் போடுவது தப்பென்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எடை சரியும்போது அது உயிர்க்கயிறு. (ரைல்ஸ் டியூப் என்று எல்லாரும் சொல்வது ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர். அவர் 1921-இல் அதைக் கொண்டுவந்தது இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துச் சோதிக்க.) டியூப் வந்த வீட்டில் வாயை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை. பல் துலக்குவதும் நின்றுபோகிறது. சாப்பிடாத வாயில் கிருமி கூடும். அந்த எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் சோறு இறங்கியதைவிடப் பொல்லாதது. உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வதைப் பாதிப் பேர் வைத்தியமாகவே மதிப்பதில்லை.

பயிற்சிகளுக்கு நூலில் பெரிய பெரிய பெயர்கள் இருக்கும். அக்கா பெயர் சொல்லாமல் செய்து காட்டுவார். குரல்வளை ஏறும்போது அதை இரண்டு மூன்று விநாடி மேலேயே பிடித்து நிறுத்துவது. முழுப் பலத்தையும் போட்டுக் கல்லை விழுங்குகிறாற்போல் விழுங்குவது. நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் கவ்விக்கொண்டு வெறும் எச்சிலை விழுங்குவது. இதை உணவோடு செய்யவே கூடாது. மல்லாந்து படுத்து, தோள் தரையில் இருக்க, தலையை மட்டும் தூக்கிக் கால் பெருவிரலைப் பார்ப்பது. கழுத்து எலும்புத் தேய்மானக்காரர்களுக்கு இது கிடையாது. மூச்சை அடக்கி, விழுங்கி, மூச்சு இழுப்பதற்கு முன் இருமி, மறுபடி விழுங்குவது. சொல்ல எளிது. எச்சிலே இல்லாத வாயால் இரண்டாம் முறை வெறும் விழுங்கல் வருமா? வராது. அதற்காக ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு முறைக்கும் நாக்கில் ஒரு பூஞ்சாரல்.

வாய் திறக்காதவர்கள் இன்னொரு கூட்டம். நிலக்கோட்டைப் பக்கம் பூ பறிக்கப் போகும் அம்மா ஒருவர், வெற்றிலையோடு வெகுகாலம் இருந்தவர், கன்னத்தில் புற்று. பாக்கால் ஏற்கெனவே இறுகியிருந்த கன்னம் கரண்டுக்குப் பிறகு மேலும் இறுகிவிட்டது. முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டர் திறக்காவிட்டால் அதைக் கோளாறாகக் கணக்கெடுப்பார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கி இடையில் செருகி, நிறுத்தி வைத்து, சில நாள் கழித்து இன்னொரு குச்சி. வலிக்கும். அவர் கண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பார், குச்சியை எடுக்க மட்டும் விடமாட்டார்.

சமையலறைப் பாடம் எனக்குப் பிடித்தது. நீர்ப்பொருளின் கெட்டியையும் உணவின் பதத்தையும் அளக்க உலகப் பொது முறை ஒன்று 2015-இல் வந்தது. 0 முதல் 7 வரை படிகள். பத்து மில்லி சிரிஞ்சில் கஞ்சியை நிரப்பி, முனையை விரலால் அடைத்து, விட்டுப் பத்து விநாடி எண்ண வேண்டும். ஒரு மில்லிகூட மிஞ்சாவிட்டால் அது தண்ணீர் ரகம். நாலிலிருந்து எட்டுக்குள் மிஞ்சினால் இரண்டாம் படி. எட்டுக்கு மேல் மூன்றாம் படி. சிரிஞ்சின் நீளம்கூட விதியில் உண்டு: சுழியிலிருந்து பத்து வரை 61.5 மில்லிமீட்டர். எங்கள் வீட்டுக் கஞ்சிகளுக்கு அந்த விதிகளில் இடமில்லை. கேப்பைக் கூழையும் சவ்வரிசிக் கஞ்சியையும் நாங்களே விட்டுப் பார்த்தோம். சூட்டில் சர்ரென்று ஓடிய கஞ்சி ஆறியதும் முனையிலேயே அடைத்துக்கொண்டது. அதனால் அடுப்பிலிருந்து இறக்கியதும் அளந்து பயனில்லை. அவர் வாயில் வைக்கும் சூட்டில் அளக்க வேண்டும். கெட்டிப் பண்டத்துக்கு முள்கரண்டியால் அழுத்திப் பார்ப்பது வெளிநாட்டுப் பழக்கம். கையால் சாப்பிடுபவர்கள் விரலால் அழுத்திப் பார்க்கவும் அதே முறையில் வழியிருக்கிறது. இதில் எங்கள் பாட்டிமார் யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

நோயாளி என்றால் ரசஞ்சாதம் என்பது தமிழ்நாட்டின் எழுதாத சட்டம். கரண்டு வைத்த தொண்டைக்கு அதைவிடச் சங்கடமான பண்டம் குறைவு. ரசம் முதலில் ஓடிப்போய் மூடாத குரல்வளையில் இறங்கும். பருக்கை பின்தங்கித் தொண்டைக் குழியில் ஒட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் நாக்கு மேய்க்க வேண்டும். போதாததற்குப் புளியும் மிளகும் எரியும். இதைச் சொன்னால் மருமகள்கள் நம்புவார்கள், மாமியார்கள் நம்புவதில்லை. குழையக் குழைய வேகவைத்துப் பருப்போடும் நெய்யோடும் கடைந்த சோறு, தண்ணீர் பிரிந்து நிற்காத தயிர்சாதம், இப்படி ஒரே பதமாக இருப்பதுதான் இறங்கும்.

புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். இருமல் வருகிற வரை பயமில்லை. தொண்டை காவல் காக்கிறது என்று அர்த்தம். கரண்டு சிலருக்கு உணர்ச்சியையே கெடுத்துவிடும். தண்ணீர் நுரையீரலுக்குப் போகும், ஆள் அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பார். வத்தலகுண்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் சிகிச்சை முடிந்து பல வருஷம் நன்றாக இருந்தவர். பிறகு திடீர் திடீரென்று காய்ச்சல், சளி, எடைக் குறைவு. காசநோய் என்று நினைத்துச் சளியைச் சோதித்தால் ஒன்றுமில்லை. மாத்திரையில் அடங்கும், மறுபடி வரும். "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இறங்குது" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். நாள் கழிந்து கழுத்து நரம்புகள் செயலிழந்து விழுங்கல் கெடுவது உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "ஆ" சொல்லச் சொன்னார். குரல் களகளத்தது, அவர் இருமவில்லை.

இந்த இடத்தில் விரலை நம்பக் கூடாது என்பதையும் அக்காதான் சொன்னார். குரல்வளை ஏறியதை விரல் சொல்லும், உள்ளே எது எங்கே போனது என்று சொல்லாது. அதற்கு மூக்கு வழியே கேமரா விட்டோ, பேரியம் கலந்த உணவைக் கொடுத்து ஓடும் எக்ஸ்ரே எடுத்தோ பார்க்க வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. மதுரைக்கு எழுதிக் கொடுக்கிறோம். பஸ் செலவு, கூட வரும் ஆளின் ஒருநாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பாதிப் பேர் போவதில்லை. என்னைக் கேட்டால், கரண்டு வைக்கும் முன் பல்லைப் பிடுங்கச் சொல்லி அனுப்புகிற மாதிரி விழுங்கல் பயிற்சிக்கும் கட்டாயமாக ஒரு சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். நல்ல தொண்டையோடு வந்து பழகிப் போனவரும் இறுகிய பிறகு வந்தவரும் எவ்வளவு வித்தியாசப்படுகிறார்கள் என்பதை அக்காவின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினாலே தெரியும்.

போன மாதம் பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டில் பழனிக்குப் போய் வந்து பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார்கள். எனக்கல்ல, அவருக்கு. முருகன் பிரசாதம், கொடுக்கலாமா என்று கேட்க வந்திருந்தார்கள். மலைவாழைப்பழம் ஈரம் குறைந்தது. அதனால்தான் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கிறது, அதனாலேயே வறண்ட வாயில் அப்பிக்கொள்ளும். பேரீச்சைத் துணுக்கும் கற்கண்டும் வேறு. கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா அதற்குள் டீ வடிகட்டி கேட்டார். பேரீச்சையையும் கற்கண்டையும் பொறுக்கிவிட்டு, பால் விட்டு மசித்து, வடிகட்டியில் தேய்த்து எடுத்தார். கரண்டியைச் சாய்த்தார், ஒட்டாமல் மொத்தமாக வழுக்கி விழுந்தது. "இப்பக் குடுங்க. கால் கரண்டி. தலை குனிஞ்சு, ரெண்டு தடவை விழுங்கணும்."

என் விரல்கள் அவர் கழுத்தில் இருந்தன. குரல்வளை முன்னைவிட உயரம் ஏறியது. இரண்டாவது விழுங்கலுக்குப் பிறகு "ஆ" தெளிவாக வந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"இனிப்பு தெரியல. வாசம் தெரியுது."

அவர் மனைவி அதோடு விடவில்லை. அடுத்த மாதம் பேத்திக்குக் காதுகுத்து, கிடா வெட்டு, சீரகச் சம்பாச் சோறு. அன்றைக்கும் இவர் கஞ்சியா என்று கேட்டார். சோறு உதிர்ந்து தொண்டையில் சிதறும், அது வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். கறியை எடுத்துவிட்டு, காரம் குறைத்து, குழம்பை மட்டும் வடிகட்டி, ஒரு டப்பாவில் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். சிரிஞ்சில் விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.